ஆறு தடம், பத்து மீட்டர்: நம் ஊர்ச் சுடுதளத்தில் நகர்ந்து சுடும் போட்டி நடத்தலாமா?

பதிவு 1 | காட்பாடிச்_சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அப்பால் ஒரு பழைய கிடங்கில் இயங்கும் பத்து மீட்டர் சுடுதளத்தில் இரண்டு ஆண்டுகளாக ஏர் பிஸ்டல் பயின்று வருகிறேன். தடங்கள் ஆறு, மின்விசிறிகள் நான்கு. அவற்றில் ஒன்று எப்போதும் பழுது. உறுப்பினர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். மற்றவர்கள் என்னைப் போல் நாற்பதைக் கடந்தவர்கள். இனி மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்தும் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் உறுப்பினராக உள்ள மன்றத்தின் சனிக்கிழமைப் போட்டி ஒன்றைப் பார்த்தேன். மண்மேடுகளால் மூன்று பக்கமும் சூழப்பட்ட திறந்த வெளியில் அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் நட்டு, நடுவே மரச்சட்டங்களால் சுவர்களும் சாளரங்களும் அமைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, டைமர் ஒலித்ததும் நடந்தும் ஓடியும் குனிந்தும் சுட்டார்கள். ஒருவரது முறை முடிய இருபது வினாடிகூட ஆகவில்லை; ஆனால் அந்த இருபது வினாடிக்காக அவர் காலை முழுவதும் கண்களை மூடிக்கொண்டு, வெறும் விரலை நீட்டி, காற்றில் சுட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தார். எழுபது வயதுப் பெரியவரும் கல்லூரி மாணவியும் ஒரே குழுவில் நின்றார்கள்.

நம் தளத்திலும் மாதம் ஒருமுறை, பெரியவர்களுக்கு மட்டுமாவது, இவ்வகைப் போட்டி ஒன்றைத் தொடங்க முடியுமா? சட்டம் இடம் தருமா? பாதுகாப்பாக நடத்த முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | கம்மவான்பேட்டை_சுபேதார்

தம்பி, உங்கள் ஆர்வத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதற்காக இதை எழுதவில்லை. கம்மவான்பேட்டை எப்படிப்பட்ட ஊர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீருடை தொங்காத வீட்டை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். நானும் இருபத்துநான்கு ஆண்டுகள் அந்தச் சீருடையில் இருந்தேன். அதில் நான் சுட்ட நேரத்தைவிட, சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்ற நேரமே அதிகம்.

படையில் 'பர்' என்ற ஆணை வரும்வரை தோட்டா உள்ளே போகாது. 'காலி கர்' என்ற பிறகு ஆயுதத்தின் அறை காலியாக இருப்பதைச் சுட்டவரும் பார்க்க வேண்டும், கண்காணிப்பவரும் பார்க்க வேண்டும். அதன் பிறகே அது கோத்து என்ற ஆயுதக் கிடங்குக்குத் திரும்பும். இவ்வளவு கட்டுப்பாடும் ஒரே இடத்தில் படுத்தோ நின்றோ சுடுகிறவருக்கு. அப்படிப்பட்ட இடத்திலேயே, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று என்னிடம் சொல்வதற்காக முழு உடலோடும் திரும்பினான். கையில் இருந்த துப்பாக்கியும் அவனோடு திரும்பியது. நாங்கள் பதினொரு பேர் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தோம். குண்டு வெடிக்கவில்லை. அன்று மாலை வரை யாரும் அவனைத் திட்டக்கூட இல்லை. திட்டுவதற்குரிய நிலையில் எவருடைய நெஞ்சும் இல்லை.

நகரும்போது இந்த ஆபத்து எந்தத் திசையில் கூடும் என்பதையும் சொல்கிறேன். வலக்கைக்காரர் ஒருவர் இடமிருந்து வலமாக ஓடினால், அவருடைய கை மார்புக்குக் குறுக்கே வந்து குழல் தானாகவே இலக்கின் பக்கம் இருக்கும். அவரே வலமிருந்து இடமாக ஓடினால் மணிக்கட்டை வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு கணம் மறந்தால் குழல் அவர் ஓடும் திசைக்குத் திரும்பி, அங்கே நிற்பவர்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். மேகசினை மாற்றிக்கொண்டே ஓடினால் இது இன்னும் எளிதாக நேரும்.

ஆகவே இலக்கு, டைமர், இடுப்பு உறை எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன், 'நிறுத்து' என்று சொன்னால் சுடுகிறவரை உண்மையிலேயே நிறுத்தக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். அவர் உங்கள் நண்பராக இருந்தாலும், தளத்துக்கு நன்கொடை தந்தவராக இருந்தாலும் வெளியே அனுப்பத் தயங்காதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

பதிவு 3 | ஆற்காடு_மக்கன்பேடா

ஐயா சொன்னது முற்றிலும் சரி. என் பங்குக்கு ஓர் எளிய ஐயம்: சித்திரை மாதத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழ் அசையாமல் நின்று சுடுவதற்கே மூன்று துண்டுகள் நனைகின்றன. இனி ஓடவும் வேண்டுமா?

பதிவு 4 | சத்துவாச்சாரி_வழக்குரைஞர்

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும்தான் இதற்கு அடிப்படை. டெக்சாஸில் நீங்கள் பார்த்தவர்களில் பெரும்பாலோர் 9 மி.மீ. பிஸ்டலில் சுட்டிருப்பார்கள். நம் நாட்டில் 9 மி.மீ., பாயிண்ட் 45, பாயிண்ட் 303 போன்ற, படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாக்களை ஏற்கும் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட துளையளவைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் சாதாரணக் குடிமகன் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் கேட்டுப் பெற முடியாது. கிடைக்கக்கூடியவை பாயிண்ட் 22, பாயிண்ட் 32 போன்றவை. அவற்றுக்கும் விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறையின் விசாரணை உண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகைகள் உள்ளன. ஆனால் அந்தத் தகுதியே தேசியப் போட்டிகளின் மூலம் வருவது. ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தால் வருவது அன்று.

காற்றுத் துப்பாக்கியின் நிலை வேறு. குழல்வாய் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு, மிகாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. நீங்கள் இப்போது சுடும் ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. இருப்பினும், உரிமம் தேவையில்லை என்பதற்கு எங்கு வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சுடலாம் என்று பொருளில்லை. உங்கள் தளத்துக்குத் தரப்பட்ட அனுமதியில் எவ்வகைச் சுடுதல் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முதலில் படியுங்கள். கிடங்கின் வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். அதை யாரும் படிப்பதில்லை.

பதிவு 5 | வாலாஜா_திரும்பியவன்

ஒன்பது ஆண்டுகள் ஒகையோ மாநிலத்தில் வேலை பார்த்துவிட்டு வாலாஜாப்பேட்டைக்குத் திரும்பியவன் நான். அங்கே ஒரு சிறிய மன்றத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறேன். ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதன் வேர் 1950களில் கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கிப் பயிற்றுநரான ஜெஃப் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இருக்கிறது. 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி ஐபிஎஸ்சி என்ற உலகக் கூட்டமைப்பை நிறுவினார்கள். கூப்பரே அதன் முதல் தலைவர். அதன் குறிக்கோள் மூன்று இலத்தீன் சொற்கள்: துல்லியம், ஆற்றல், வேகம் என்று அவற்றைச் சொல்லலாம். அந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டதுதான் இந்த விளையாட்டின் அழகு.

அட்டை இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள் உண்டு. நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால் 5 புள்ளி. குறைந்த ஆற்றலுள்ள தோட்டாவால் சி பகுதியில் பட்டால் 3, டி பகுதியில் பட்டால் 1. தவறவிட்டால் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத வெள்ளை அட்டையில் பட்டாலும் 10 கழியும். இறுதியில் பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்கிறார்கள். அந்த ஈவுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர்.

பன்னிரண்டு குண்டுகள் கொண்ட ஓர் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். உச்சப் புள்ளி 60. நிதானமான ஒருவர் பன்னிரண்டையும் ஏ பகுதியிலேயே சுட்டு 20 வினாடி எடுத்தால் அவருடைய ஈவு 3.00. அவசரக்காரர் ஒருவர் 10 வினாடியில் முடித்தாலும், எட்டு ஏ, இரண்டு சி, ஒரு டி, ஒரு தவறு என்றால் 47இல் 10 போய் 37 புள்ளி, ஈவு 3.70. மூன்றாமவர் 14 வினாடியில் பத்து ஏ, இரண்டு சி சுட்டால் 56 புள்ளி, ஈவு 4.00. வென்றவர் அவர்தான். ஈவில் முதலிடம் என்பதால் முழு 60 புள்ளியும் அவருக்குக் கிடைக்கும்; மற்றவர்களுக்கு அவரவர் ஈவின் விகிதப்படி. அவசரக்காரருக்கு அதில் 92.5 விழுக்காடான 55.5, குறையே இல்லாமல் சுட்ட முதலாமவருக்கு வெறும் 45. இந்தக் கணக்கை முதன்முறை பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஏனெனில் அந்த முதலாமவர் நான்தான்.

வழக்குரைஞர் ஐயா சொன்ன துளையளவுச் சிக்கலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குண்டின் எடையைக் கிரெயின் அளவில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பதே பவர் ஃபேக்டர். கைத்துப்பாக்கிக்கு அது குறைந்தது 125 இருக்க வேண்டும். 124 கிரெயின் எடையுள்ள 9 மி.மீ. குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2, தேறிவிடும். நமக்குக் கிடைக்கும் பாயிண்ட் 32 பிஸ்டலின் 71 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 63.9, பாதிதான். எனவே உரிமம் வாங்கி, துப்பாக்கி வாங்கி, தோட்டாவுக்கு அலைந்து அனைத்தையும் செய்த பிறகும் அந்த விதிப்படி நீங்கள் களத்தில் இறங்கவே முடியாது. டெக்சாஸை அப்படியே காட்பாடிக்குக் கொண்டுவரும் எண்ணத்தை இந்த ஒரு கணக்கே முடித்துவைத்துவிடும்.

சுபேதார் ஐயாவின் கவலைக்கு அங்கே எழுதப்பட்ட விடை ஒன்று உண்டு. சுடுகிறவர் மண்மேட்டை நேராகப் பார்த்து நிற்கிறார் என்று கொண்டால், அவருடைய குழல்வாய் இடப்பக்கமோ வலப்பக்கமோ தொண்ணூறு பாகையைத் தாண்டினால் அந்தக் கணமே ஆட்டம் நிற்கும்; அவர் அன்றைய போட்டி முழுவதிலிருந்தும் நீக்கப்படுவார். நகரும்போது விரல், விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் இருந்தாலும், குண்டு நிரப்பிய துப்பாக்கி கீழே விழுந்தாலும் அதே தண்டனைதான். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. முந்நூறு மைல் வண்டியோட்டி வந்தவர்கள் முதல் ஆட்டத்தின் நான்காவது வினாடியில் நீக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாலை வரை நின்று மற்றவர்களின் அட்டைகளில் ஓட்டைகளுக்குத் தாள் ஒட்டினார்கள். அந்தப் பண்பாடு நமக்கு வாய்க்குமா என்பதுதான் என் கேள்வி.

பதிவு 6 | காட்பாடிச்_சந்திப்பு

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. உரிமம் தேவைப்படும் துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சை நான் இத்துடன் விட்டுவிடுகிறேன். ஏர் பிஸ்டலையே வைத்து ஏதேனும் செய்ய முடியுமா? நம்மிடம் இருப்பவை பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டை ஒவ்வொன்றாகக் கையால் இட்டு நெம்புகோலை மூடிச் சுடும் பிஸ்டல்கள். அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது எனக்கே சரியாகத் தோன்றவில்லை.

பதிவு 7 | குடியாத்தம்_பயிற்றுநர்

நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள். இந்த யோசனையை வெளிப்படையாக எதிர்க்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. அதை அறுபது முறை தொடர்ந்து அடிக்க 75 நிமிடம் தருகிறார்கள். விசையின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த 500 கிராமை மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் நடுவே மெல்ல மெல்ல அழுத்தக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. 'சரியில்லை என்று தோன்றினால் கையை இறக்கிவிடு, மீண்டும் தூக்கு' என்பதுதான் நான் நாள்தோறும் சொல்லும் மந்திரம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார்; மனு பாக்கர் 2024 பாரிசில் ஏர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வென்றார்; என் பிள்ளைகள் அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதே கூடத்தில், அதே ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் மாமாவும் கைதட்டலுக்கு நடுவே விசையை வெடுக்கென்று இழுப்பதைப் பார்த்தால், எந்தப் பிள்ளை அந்த அலுப்பூட்டும் ஓராண்டுக்கு உடன்படும்?

பெரியவர்களுக்கு மட்டும் என்கிறீர்கள். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்ப்பதில்லையா?

பதிவு 8 | கம்மவான்பேட்டை_சுபேதார்

அம்மா, உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் வேகம் வந்தால் நுணுக்கம் கெட்டுவிடும் என்பதை ஏற்க மாட்டேன். 2012இல் லண்டனில் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலில் வெள்ளி வென்றவர் எங்கள் ராணுவத்தின் சுபேதார் விஜய் குமார். ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகளை முதலில் 8 வினாடியிலும், பிறகு 6 வினாடியிலும், பிறகு 4 வினாடியிலும் சுட வேண்டிய பிரிவு அது. நான்கு வினாடித் தொடரிலும் அவர்கள் விசையை வெடுக்கென்று இழுப்பதில்லை. மெல்ல அழுத்துவதையே விரைவாகச் செய்கிறார்கள். 2018 காமன்வெல்த் போட்டியில் அதே பிரிவில் அனிஷ் பன்வாலா தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. எனவே பிள்ளைகளுக்கும் அது தொலைவில் இல்லை.

இனி தம்பியின் கேள்வி. நான் இரண்டு நாள் யோசித்தேன். நம் கூடத்தில் மனிதர் நகரட்டும். துப்பாக்கி நகர வேண்டாம். முதல் தடம், மூன்றாம் தடம், ஆறாம் தடம் ஆகிய மூன்றிலும் மேசைமேல் ஒவ்வொரு பிஸ்டலை நெம்புகோல் திறந்த நிலையில், குழல் இலக்கைப் பார்க்க, குழலுக்குள், அது காலி என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு இட்டு வைத்துவிடுங்கள். மேசைக்கு மேசை ஒரு தட்டில் மூன்று பெல்லட். மணி அடித்ததும் வெறுங்கையோடு முதல் மேசைக்குச் சென்று, கயிற்றை எடுத்து, மூன்றையும் சுட்டு, நெம்புகோலைத் திறந்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு அடுத்த மேசைக்குப் போக வேண்டும். திறக்காமல் நகர்ந்தால் நீக்கம். இதில் என் பழைய பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

பதிவு 9 | வாலாஜா_திரும்பியவன்

ஐயா, மூன்று வகைத் துப்பாக்கிகளால் ஆடும் போட்டிகளிலும் ஏறக்குறைய இதே முறைதான். ஒரு துப்பாக்கியைச் சுட்டு முடித்துக் குறிப்பிட்ட பெட்டியில் பாதுகாப்பாக வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். நீங்கள் அதைக் கேள்விப்படாமலேயே வந்தடைந்திருக்கிறீர்கள்.

ஒரு தடையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பயன்படும் டைமர் வெடியோசையைக் கேட்டுத்தான் கடைசிக் குண்டின் நேரத்தைப் பதிவு செய்கிறது. ஏர் பிஸ்டலின் 'டப்' என்ற ஒலியை அது பல நேரம் தவறவிடும். அதற்கு மாற்றாக ஸ்டீல் சேலஞ்ச் என்ற போட்டியின் வழியைப் பின்பற்றலாம். 1981இல் தொடங்கிய அந்தப் போட்டியில் ஓட்டமே பெரிதாக இல்லை. ஐந்து தட்டுகள், அவற்றுள் ஒன்று நிறுத்தத் தட்டு, அதைக் கடைசியில்தான் அடிக்க வேண்டும். ஒரே வரிசையை ஐந்து முறை சுட்டு, மிக மெதுவான ஒன்றைக் கழித்துவிட்டு மற்ற நான்கின் நேரத்தைக் கூட்டுகிறார்கள். அடிபடாமல் விட்ட தட்டு ஒன்றுக்கு 3 வினாடி சேரும். நாம் ஆறாம் தடத்தில் கோயில் மணி போன்ற ஒரு சிறு தட்டைத் தொங்கவிட்டால், மணி ஒலித்ததும் கைபேசியின் கடிகாரத்தை நிறுத்தலாம்.

தட்டில் படும் ஈயப் பெல்லட் நசுங்கிக் கீழே விழும். செம்புப் பூச்சுள்ள எஃகு உருண்டைகளை மட்டும் கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். அவை நசுங்காமல் அப்படியே திரும்பி வரும். எந்தப் பெல்லட்டானாலும், பார்க்கிறவர் உட்பட எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம்.

பதிவு 10 | ஆம்பூர்_அம்மா

என் மகள் அந்தப் பயிற்றுநரிடம்தான் படிக்கிறாள். இவ்வளவு நேரம் குழல்வாயைப் பற்றியே பேசுகிறீர்கள். ஈயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தட்டில் நசுங்கும் பெல்லட்டிலிருந்து தூள் உதிரும். அந்தக் கூடத்தில் மாலையில் துடைப்பத்தால் பெருக்குவதையும், அதே மேசையில் பிள்ளைகள் கையைக் கழுவாமல் பிஸ்கட் தின்பதையும் நான் பார்த்திருக்கிறேன். உலர்ந்த தூளைப் பெருக்கினால் அது காற்றில் எழும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையை அதிகம் பாதிக்கும். போட்டி வருகிறதோ இல்லையோ, வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வரட்டும்.

இன்னொன்று. மனித உருவம் வரைந்த அட்டையைச் சுடுவதென்றால் என் மகள் அன்று அந்தப் பக்கம் வரமாட்டாள்.

பதிவு 11 | வாலாஜா_திரும்பியவன்

அம்மா, இரண்டும் நியாயமே. உருவத்தைப் பொறுத்தவரை ஐபிஎஸ்சியே இதைப் பற்றி யோசித்திருக்கிறது. இப்போது அவர்கள் பயன்படுத்தும் அட்டை தலையும் தோளும் இல்லாத எண்கோணம். ஆமை ஓடு என்று எங்கள் குழுவில் அழைப்போம். நமக்கு வட்டத் தட்டே போதும்.

பதிவு 12 | குடியாத்தம்_பயிற்றுநர்

சுபேதார் ஐயாவின் மேசைத் திட்டத்தைப் படித்த பிறகு என் எதிர்ப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுவதும் போகவில்லை. பிள்ளைகளின் பயிற்சி நேரத்தில் வேண்டாம். அவர்களுடைய பிஸ்டல்களைத் தொட வேண்டாம். விசையின் எடையை யாரும் மாற்ற வேண்டாம்.

ஓடிச் சுடுவதில் உண்மையாகவே ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், நவீன ஐந்திறப் போட்டியின் லேசர் ஓட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து அதில் பெல்லட்டே கிடையாது; பத்து மீட்டரில் லேசர் ஒளியால் ஐந்து முறை இலக்கைத் தொட வேண்டும் அல்லது 50 வினாடி கழிய வேண்டும், பிறகு மீண்டும் ஓட வேண்டும். மூச்சிரைக்கும் நெஞ்சோடு கையை நிலைநிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அது கற்றுக்கொடுக்கும். ஈயமும் இல்லை, குண்டும் இல்லை. அனிஷ் பன்வாலாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். வசதியில்லாத ஊர் என்று நம்மை நாமே குறைத்துச் சொல்லவும் வேண்டாம். சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் எடைதூக்குதலில் தங்கம் வாங்கி வந்தார்.

பதிவு 13 | காட்பாடிச்_சந்திப்பு

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்று காலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன், பெல்லட் இல்லாமல் ஒரு வெற்று ஒத்திகை நடத்தினோம். ஏழு பேர் வந்தோம். வாசலில் குழாய் வந்துவிட்டது. சோப்பை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் அது காணாமல் போகும் என்று காவலாளி சொன்னார். வாலாஜா அண்ணன் மணித் தட்டைப் பேரணாம்பட்டுக் கொல்லர் ஒருவரிடம் செய்து கொண்டுவந்தார். நடுவராகச் சுபேதார் ஐயா பின்னால் நின்றார்.

வெறுங்கையோடு நடப்பதால் இது எளிது என்று எண்ணியிருந்தேன். முதல் மேசையில் மூன்று முறை விசையை அழுத்துவதற்குள் இரண்டாம் மேசையைக் கண் தேடத் தொடங்கிவிடுகிறது. மூன்றாவது முறை கை எங்கே இருந்தது என்பதே நினைவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்று சுட்டபோது ஒருமுறைகூட அறியாத தடுமாற்றம் அது. பெல்லட் தட்டைக் கீழே தட்டிவிட்டவர்கள் மூன்று பேர்.

என் இரண்டாவது முறையில், மூன்றாம் தடத்து மேசையில் நெம்புகோலை மூடியபடியே வைத்துவிட்டு ஆறாம் தடத்தை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தேன். 'நிறுத்து' என்ற குரல் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை, இது ஒத்திகைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். ஐயா கதவைக் காட்டினார். இழையைத் தொடங்கியவன் நான். முதலில் நீக்கப்பட்டவனும் நானே. மீதி நேரம் மற்றவர்களின் முறைகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு 14 | கம்மவான்பேட்டை_சுபேதார்

தம்பி வாதாடாமல் வெளியே போனார். அடுத்த மாதம் மூன்று பெல்லட்டோடு நடத்தலாம் என்று அதனால்தான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்விசிறியைச் சரிசெய்யுங்கள். வியர்வை கண்ணில் இறங்கினால் என் கண்ணும் தவறும்.

பதிவு 15 | ஆற்காடு_மக்கன்பேடா

மின்விசிறிக்கு ஆள் அனுப்புவதை நான் ஏற்கிறேன். ஒத்திகையில் தட்டைத் தட்டிவிட்ட மூவரில் நானும் ஒருவன் என்பதால் உருளாத விளிம்புள்ள மூன்று கிண்ணங்களும் என் பொறுப்பு. பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை இருக்கிறது என்று யாராவது எண்ணிச் சொல்லுங்கள்.

பதிவு 16 | ஆம்பூர்_அம்மா

பதினொன்று இருக்கிறது, இரண்டில் கீறல். என் மகள் பார்க்க வர வேண்டும் என்கிறாள், ஆகவே பன்னிரண்டாவது ஒன்றை நானே வாங்கிவிடுகிறேன்.